குப்புறப் படுத்தால் தெரியும்

முன்வாசல் புல்லைப் பிடுங்கினால்
தண்ணீர் வாரியம் பணம் தருவதாகச் சொன்னது.
லாரிக்குப் புது கியர்பெட்டி போட வேண்டியிருந்தது எனக்கு.
பூவுக்காகத்தான் தொடங்கினேன் என்று
பொய் சொல்ல மாட்டேன்.

புல் போன இடத்தில் சரளை கொட்டினேன்.
பகல் முழுக்கக் கொதிக்கும்,
இரவில் டிக் டிக்கென்று ஆறும்.
பார்ஸ்டோவில் பாதி வீடுகள் அப்படித்தான்
சரக்கு ரயிலைக் கேட்டபடி ஆறிக்கொண்டிருக்கும்.

விதை ஒரு மாத்திரைப் புட்டியில் வந்தது.
யார்டில் என்னோடு இரவு ஷிப்ட் பார்க்கும் வெல்டா கொடுத்தாள்.
"பாலை நட்சத்திரம். புதைக்காதே, சும்மா தூவு."
திறந்து மோந்து பார்த்தேன்.
தும்மலில் பாதி போயிற்று.

முதல் வருஷம் எனக்கு அன்பு அதிகம்.
காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை.
செடி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரந்து
இலை இலையாகக் கொழுத்தது.
பூவைக் காணோம்.
வெல்டா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்:
"அதற்கு என்ன அவசரம்?
நீதான் எல்லாம் கொடுத்துவிடுகிறாயே."

அடுத்த வருஷம் குழாயைச் சுருட்டி
கொட்டகையில் வைத்துப் பூட்டினேன்.
நவம்பரில் ஒரே ஒரு மழை,
ஓட்டில் விழுந்த சத்தம்தான் அதிகம்.
பிறகு ஒன்றுமில்லை.
டிசம்பரிலும் ஒன்றுமில்லை.
ஜனவரி கடைசியில், சரளைக்கு நடுவே,
சட்டைப் பித்தான் அளவு சாம்பல் ரோமம்
நான்கு இடத்தில்.

பிப்ரவரி பதினொன்று பூத்தது.
செடியை விடப் பூ பெரிது.
வெள்ளை, நடுவில் மஞ்சள்.
நின்று பார்த்தால் பறவை எச்சம்.

எதிர்வீட்டு மெர்ல் ஸ்டானெக்
ராணுவத்தில் டாங்கி பழுது பார்த்தவர்.
வசந்தம் வந்தால் களைக்கொல்லி டப்பாவை முதுகில் மாட்டி
"உனக்கும் சேர்த்து அடித்துவிடட்டுமா?" என்பார்.
இந்த முறையும் வந்தார்.
"படுங்கள்" என்றேன்.
"என்ன?"
"படுங்கள், மெர்ல்."

டப்பாவை இறக்கினார்.
முதலில் ஒரு முழங்கால்,
பிறகு உள்ளங்கை,
பிறகு தேவாலயத்தில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை,
கடைசியில் வயிறு.

வெகுநேரம் பேச்சில்லை.
"இதழ் ஓரத்தில் லேசாக ரோஜா நிறம்" என்றார்.
"பதினெட்டு... இல்லை. மூச்சு விடாதே, ஆடுகிறது.
பத்தொன்பது."

அதற்கப்புறம் அவரால் எழ முடியவில்லை.
கையைப் பிடித்து இழுத்தேன்,
என் இடுப்பு பிடித்துக்கொண்டது.
இரண்டு பேரும் கிடந்தோம்.
ஒரு கறுப்பு வண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.
தபால்காரி ஹிமெனா பார்த்தது
சரளை மேல் இரண்டு உடல்களை.
ஃபோன் செய்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது.
இரண்டு பையன்கள், படகு போன்ற பூட்ஸ்.
"பூ! பூ! மிதிக்காதே!"
இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.
அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்,
கண்ணில் டார்ச் அடித்தார்கள்.
"ஐயா, இன்று என்ன தேதி?"
மெர்ல் சொன்னார்: "பத்தொன்பது."
பையன் அதைக் குறித்துக்கொண்டான்.

நான்கில் ஒன்று
பூட்ஸுக்கு அடியில் போனது.
மற்ற மூன்றும் மார்ச் நடுவில்
தாமாகவே காய்ந்து, பஞ்சாகி,
எந்தப் பக்கம் போயினவோ.

அந்தத் தடத்தை நான் வாரவில்லை.
விதை அழுந்தியிருக்கலாம், நசுங்கியிருக்கலாம்.
இந்த வருஷ மழை இன்னும் வரவில்லை.
சில காலைகளில் திரையை விலக்கினால்
மெர்ல் தெருவைத் தாண்டி வந்து நிற்கிறார்,
முதுகில் டப்பா இல்லாமல்.
தடத்தைப் பார்க்கிறார்,
கொஞ்சம் குனிகிறார்,
முழங்காலை யோசித்துவிட்டுத்
திரும்பிப் போகிறார்.